ராயல் ஃபெஸ்டிவல் அரங்கமும் அதன் வழிகாட்டிப் பலகைகளும்

லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள ராயல் ஃபெஸ்டிவல் ஹால், 1951ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் திறக்கப்பட்ட இசையரங்கம். 2,500க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் அமர்ந்து கேட்கக்கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த பிரித்தானியக் கட்டடங்களில் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது இதுதான். 2005 முதல் 2007 வரை மூடப்பட்டுச் சீரமைக்கப்பட்டது.

இந்த அரங்கத்தின் ஒலியமைப்பைப் பற்றியும் இங்கு வாசித்த கலைஞர்களைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். இக்கட்டுரை அவற்றைத் தொடவில்லை. உள்ளே வரும் ஒருவர் தம் இருக்கைக்கும், இடைவேளையில் கழிப்பறைக்கும், ஆபத்து வந்தால் வாசலுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறார் என்பதே இங்கே பொருள். ஆங்கிலத்தில் இதற்கு 'வேஃபைண்டிங்' என்று பெயர். தமிழில் வழியறிதல் எனலாம். நகரங்களைப் பற்றி கெவின் லிஞ்ச் 1960இல் எழுதிய நூலில் இச்சொல்லைக் கையாண்ட பிறகு, கட்டடக்கலையாளர்களிடையே அது பரவியது. சொல் புதியது, சிக்கல் மிகப் பழையது.

வாசல் எண்களும் தனித்தனிக் கதவுகளும்

ரோமாபுரியின் கொலோசியத்தில் தரைமட்டத்தில் 80 வளைவு வாசல்கள் இருந்தன. நான்கு பக்க நடுவிலும் இருந்த சிறப்பு வாசல்களை விட்டுவிட்டு மற்ற 76 வாசல்களுக்கும் எண் செதுக்கியிருந்தார்கள். வளைவுகளின் மேல் அந்த ரோமன் எண்கள் சிலவற்றை இன்றும் படிக்கலாம். வந்தவர் தமக்குரிய எண்ணைத் தேடி நுழைந்தால், அந்த வாசலின் படிக்கட்டு அவரை அவருடைய பகுதிக்கே கொண்டுபோய் விடும். ஆனால் அந்தப் பகுதி அவர் தேர்ந்தெடுத்ததன்று. செனட் உறுப்பினருக்குக் கீழ்வரிசை, ஏழைகளுக்கும் பெண்களுக்கும் உச்சி வரிசை. வழிகாட்டும் எண்ணே பிரித்துவைக்கும் எண்ணாகவும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாடக அரங்குகளிலும் இதே ஏற்பாடுதான். விலை உயர்ந்த இருக்கைக்காரர்கள் தெருமுகப்பிலுள்ள பளிங்கு மண்டபம் வழியே செல்வர். கேலரி எனப்பட்ட உச்சிமாடத்துக்குப் பக்கச் சந்தில் தனிக் கதவு, தனிப் படிக்கட்டு, தனிச் சீட்டு அறை. இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். தரை டிக்கெட்டுக்குத் தனி வாசல் வைத்திருந்த சினிமாக் கொட்டகைகளில் படம் பார்த்த என் வயதுக்காரர்களுக்கு இது வியப்பாக இராது. அங்கே வழிகாட்டிப் பலகைக்கு வேலை குறைவு. கேலரிக்காரருக்கு வேறு எங்கும் போகும் வழியே கிடையாது.

அதன் விலை என்ன என்பது 1887 செப்டம்பர் 5ஆம் நாள் இரவு தெரிந்தது. எக்ஸிட்டர் நகரின் தியேட்டர் ராயல் அரங்கில் எரிவாயு விளக்கிலிருந்து மேடைத்துணி தீப்பற்றியது. அரங்கம் திறந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 186 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கேலரியில் இருந்தவர்கள். கேலரிக்கு வெளியேற ஒரே வழிதான் இருந்தது.

இதைவிடக் கொடியது சிகாகோவில் 1903 டிசம்பர் 30ஆம் நாள் பிற்பகல் நடந்தது. இராகுவா அரங்கம் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விடுமுறைக் காலமாதலால் தாய்மாரும் குழந்தைகளும் நிறைந்திருந்தனர். தீ எழுந்தபோது கதவுகள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் சில அலங்காரத் திரைச்சீலைகளுக்குப் பின்னே மறைந்திருந்தன. 'இது வெளியே செல்லும் வழி' என்று காட்டும் பலகை இல்லை. சில கதவுகளின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்றே மக்களுக்குப் புரியவில்லை. 602 பேர் இறந்தனர். இன்று பொது அரங்குகளில் நாம் கவனிக்காமலே கடந்துபோகும் ஒளிரும் வெளியேற்றப் பலகையும், தள்ளினால் திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பிக் கதவும் பரவலானதற்குப் பின்னே இந்தச் சாவுகள் இருக்கின்றன.

பச்சை நிறத்தில் கதவை நோக்கி ஓடும் மனித உருவம் பின்னாளில் ஜப்பானில் பிறந்தது. 1972இல் ஒசாகாவிலும் 1973இல் குமாமோட்டோவிலும் பேரங்காடிகள் எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட பிறகு, எழுத்துப் படிக்காமலே புரியும் சின்னம் வேண்டும் என்று முயன்றார்கள். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் செம்மைப்படுத்திய உருவம் 1980களில் ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்கப்பட்டது. மொழி தெரியாதவரையும் எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஒருசேர மனத்தில் வைத்து வரையப்பட்ட படம் அது.

பெட்டிக்குள் முட்டை

இந்தப் பின்னணியோடு தேம்ஸ் கரைக்கு வருவோம். போரில் இடிந்துபோன லண்டனில், மக்களுக்கு ஊக்கமூட்ட 1951இல் 'பிரித்தானிய விழா' என்ற பெருங்கண்காட்சி நடத்தப்பட்டது. அதற்காகத் தென்கரையில் எழுந்தவற்றில் நிலையாக நிற்கக் கட்டியது இந்த அரங்கம் ஒன்றே. மற்றவை கண்காட்சி முடிந்ததும் அகற்றப்பட்டன. லண்டன் மாவட்ட மன்றத்தின் கட்டடக்கலையாளர்களான ராபர்ட் மாத்யூ, லெஸ்லி மார்ட்டின், பீட்டர் மோரோ முதலியோர் இதை வடிவமைத்தனர். 1949 அக்டோபரில் பிரதமர் கிளமென்ட் அட்லி அடிக்கல் நாட்டினார்.

அரங்குக்கு மிக அருகில் ஹங்கர்ஃபோர்டு ரயில் பாலம். வயலின் ஒலிக்கும்போது ரயில் ஒலிக்கக் கூடாதல்லவா? ஆகவே இசை நிகழும் அவையைத் தரையிலிருந்து உயர்த்தித் தூண்களின்மேல் வைத்து, அதைச் சுற்றிலும் கீழும் முன்கூடங்களை அமைத்தார்கள். வெளியே பெட்டி, உள்ளே முட்டை. 'பெட்டிக்குள் முட்டை' என்றே இந்த அமைப்புக்குப் பெயர் வந்தது.

ஒலிக்காகச் செய்த ஏற்பாடு வழிக்கும் உதவியது. முட்டைக்கு அடியில் சுவர்கள் குறைந்த, பரந்த முன்கூடம் கிடைத்தது. உள்ளே நுழைந்தவர் நின்ற இடத்திலிருந்தே படிக்கட்டையும், அதற்கு மேலுள்ள தளத்தையும், கண்ணாடிக்கு அப்பால் ஆற்றையும் பார்க்கலாம். மேலே ஏறும் வழி கண்முன்னே விரிந்து கிடக்கும்போது அம்புக்குறி எதற்கு? விலை குறைந்த சீட்டு வாங்கியவருக்குச் சந்துக் கதவு கிடையாது. எல்லாரும் அதே முன்கூடம், அதே படிக்கட்டு. பழைய அரங்குகளில் கதவுகள் செய்த பிரிவினையை இங்கே கதவுகளை எடுத்துவிட்டே எடுத்தார்கள். எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. கட்டடம் நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும். இடப்பக்கப் படிக்கட்டும் வலப்பக்கப் படிக்கட்டும் கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றுக்கொன்று ஒத்தவை. இரண்டு முறை திரும்பினால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மறந்துவிடும். இதற்கான விடையைப் பின்னர் பார்ப்போம்.

வழி அடைபட்ட காலம்

1960களின் முற்பகுதியில் அரங்கம் விரிவாக்கப்பட்டது. ஆற்றுப்பக்க முகப்பு முப்பது அடி அளவுக்கு முன்னே தள்ளப்பட்டு, கூடுதல் முன்கூடமும் மேடைத்தளங்களும் சேர்ந்தன. பக்கத்திலேயே 1967இல் குயீன் எலிசபெத் ஹாலும் 1968இல் ஹேவர்டு கலைக்கூடமும் வந்தன. இவற்றையெல்லாம் உயர்மட்டக் கான்கிரீட் நடைபாதைகள் இணைத்தன. வண்டிகள் கீழே, மனிதர்கள் மேலே என்பது அக்காலத்து நகரமைப்புக் கொள்கை. கொள்கை நல்லதாக இருக்கலாம்; எந்த மட்டத்தில் நடக்கிறோம், எந்தக் கதவு எந்த மாடிக்குத் திறக்கிறது என்பது வந்தவருக்குப் புதிரானது.

1983இல் பெருலண்டன் மன்றம் ஒரு துணிந்த முடிவெடுத்தது. கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்கூடங்கள் நாள் முழுவதும் திறந்திருக்கும், சீட்டு வேண்டியதில்லை என்று அறிவித்தது. மதிய இசையும் இலவசக் கண்காட்சியும் நடந்தன. மாணவர்கள் வந்து படித்தார்கள், முதியவர்கள் குளிருக்கு ஒதுங்கினார்கள். இம்முடிவு வழியறிதலின் கணக்கையே மாற்றிவிட்டது. மாலை ஏழரை மணிக்கு இருக்கை எண்ணோடு வருபவருக்கு மட்டும் வழி சொன்னால் போதாது. எதையும் தேடாமல் வருபவருக்கும், 'உள்ளே போகலாமா, யாராவது தடுப்பார்களா?' என்று தயங்குபவருக்கும் வழி தெரிய வேண்டும். பிந்தைய கேள்விக்கு விடை சொல்லும் பலகையை எழுதுவது கடினம். திறந்த கதவும் உள்ளே தெரியும் கூட்டமுமே அதைச் சொல்லும்.

அதே ஆண்டுகளில் முன்கூடங்களில் கடைகளும் நிர்வாக அறைகளும் இடம்பிடித்துக்கொண்டன. தடுப்புச் சுவர் ஒன்று எழுந்தால் அதன் பின்னால் இருப்பது மறைகிறது. மறைந்ததைச் சொல்ல ஒரு பலகை. பலகைகள் கூடினால் எதைப் படிப்பது என்ற குழப்பம். பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் நேரும் நோய்தான் இது. பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை ஓர் ஊரின் பெரிய கலையரங்கத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். நுழைவாயிலில் 'செருப்பைக் கழற்றவும்', 'புகைபிடிக்காதீர்', 'அமைதி காக்கவும்' முதலாக ஒன்பது பலகைகளை எண்ணினேன். நாற்பது பிள்ளைகளுக்கும் தேவைப்பட்ட ஒன்றைப் பற்றி, அதாவது கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைப் பற்றி, ஒரு பலகையும் இல்லை.

சீரமைப்பு: முதலில் அகற்றியவை

2005இல் அரங்கம் மூடப்பட்டது. அல்லீஸ் அண்டு மோரிசன் என்னும் கட்டடக்கலை நிறுவனம் சீரமைப்பை மேற்கொண்டது. அவையின் ஒலியமைப்பு, இருக்கைகள், மேடை ஆகியவற்றில் பெரிய வேலை நடந்தது. வழியறிதலுக்கு முக்கியமான வேலை வேறிடத்தில் நடந்தது. ரயில் பாலத்தின் ஓரமாக ஒரு நீண்ட ஒடுங்கிய புதுக்கட்டடம் எழுப்பி, நிர்வாக அலுவலகங்களையும் கடைகளையும் அங்கே மாற்றினார்கள். முன்கூடங்களில் புகுந்திருந்தவை வெளியேறின. 1951இல் தெரிந்தது போலவே படிக்கட்டும் ஆறும் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. பலகை எழுதுவதற்கு முன் பலகை தேவைப்படாதபடி செய்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஆனாலும் கண்பார்வையை மட்டும் நம்பிக் கட்டிய கட்டடம் எல்லாருக்கும் வழி சொல்லாது. அகன்ற படிக்கட்டு சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியன்று, தடை. பார்வை இழந்தவருக்கு ஆற்றின் காட்சி உதவாது. பிரிட்டனில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாடு தடுப்புச் சட்டம், பொதுச்சேவை தரும் இடங்கள் தம் கட்டட அமைப்பில் உள்ள தடைகளுக்கும் தீர்வு காண வேண்டும் என்ற கடமையை விதித்திருந்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 2004 அக்டோபரில். அரங்கம் மூடப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில். மின்தூக்கி எங்கே என்பது படிக்கட்டைப் போலத் தானாகத் தெரியாது. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த அரங்கில் மாடிகளைத் 'தரைத்தளம்', 'முதல் தளம்' என்று அழைப்பதில்லை. 1, 2, 3 என்று நிலை எண்களால் குறிக்கிறார்கள். காரணம் எளிது. சதுக்கப் பக்கக் கதவில் நுழைந்தால் 1ஆம் நிலை. ஆற்றோர மேடைத்தளக் கதவில் நுழைந்தால் ஒரு படியும் ஏறாமலே 2ஆம் நிலை. இரண்டில் எது 'தரை'? ஒருவர் நுழைந்த வாசலைப் பொறுத்தது அது. 'முதல் மாடியில் சந்திப்போம்' என்று பேசிக்கொண்ட இரு நண்பர்கள் வெவ்வேறு மாடியில் காத்துக்கிடப்பார்கள். எண் மட்டும் இருந்தால் அந்தச் சண்டை இல்லை.

கண்ணாடிப் பிம்பம் போன்ற இருபக்கச் சிக்கலுக்கு விடை நிறம். ஒரு பாதி நீலப் பக்கம், மறு பாதி பச்சைப் பக்கம். '5ஆம் நிலை, நீலப் பக்கம்' என்றால் இடம் குழப்பமின்றித் தெளிவாகிறது. இடது, வலது என்று சொல்லியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். மேடையைப் பார்த்து நிற்பவரின் இடது, ஆற்றைப் பார்த்து நிற்பவருக்கு வலது. நீலம் எப்படித் திரும்பி நின்றாலும் நீலம்தான். ஆனால் நிறத்தைப் பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு என்பதால், நிறத்தைப் பூசினால் மட்டும் போதாது. 'நீலம்' என்ற சொல்லையும் எழுதியாக வேண்டும்.

பழஞ்சுவரில் ஆணி அடிக்கலாமா

பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் பலகை மாட்டுவது வீட்டில் நாள்காட்டி மாட்டுவது போன்றதன்று. இங்கிலாந்தில் இத்தகைய கட்டடத்தின் இயல்பை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர் மன்றத்தின் தனி அனுமதி வேண்டும். இன்றைய பலகை பதினைந்து ஆண்டில் மாறிவிடும்; மூலச் சுவரில் இட்ட துளை என்றும் இருக்கும். ஆகவே இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் கல்லைத் துளைக்காமல் கற்களுக்கு இடையிலுள்ள சாந்துக் கோட்டில் துளையிடுவார்கள். அதைவிட நல்லது, தரையில் தனியே நிற்கும் தாங்கியில் பலகையை வைப்பது. பின்னாளில் சேர்த்த தடுப்பிலோ உலோகத் தண்டிலோ பொருத்துவதும் வழக்கம். எப்போது எடுத்தாலும் பழைய பரப்பு பழையபடி இருக்க வேண்டும்.

அடுத்த வழக்கு அழகுக்கும் தெளிவுக்கும் இடையே. மரபை விரும்புவோர், மரச்சுவரின் நிறத்துக்கு ஒத்த பித்தளை எழுத்து கேட்பார்கள். பித்தளை எழுத்து மாலை விளக்கில் பளபளத்துத் தன்னையே மறைத்துக்கொள்ளும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இருட்டு, வெளிச்ச வேறுபாடு போதிய அளவு இருக்க வேண்டும். பரப்பு ஒளியைத் திருப்பியடிக்கக் கூடாது. எழுத்தின் அளவுக்குப் பலகை எழுதுவோரிடையே ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தை ஏறத்தாழ 25 அடி தொலைவிலிருந்து வசதியாகப் படிக்கலாம். கூட்டத்தில் முன்நிற்பவரின் தலை மறைக்கும் என்பதால் பலகை உயரத்தில் இருக்க வேண்டும். விரலால் தடவிப் படிக்கும் புடைப்பெழுத்தோ கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே பலகை இரண்டு வேலையையும் செய்யாது.

வெளியேற்றச் சின்னத்தில் மட்டும் பேரம் பேச இடமில்லை. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சின்ன விதிகள் அதன் நிறத்தையும் வடிவத்தையும் வரையறுத்துவிட்டன. விளக்கணைந்த அவையில் பச்சை ஒளி கண்ணை உறுத்துகிறது என்று நாடகக்காரர்கள் குறைப்படுவது உண்டு. இராகுவா அரங்கின் கதவை மறைத்த திரைச்சீலைகளும் அழகுக்காகத் தொங்கவிட்டவைதாம் என்பதை மறக்க முடியாது.

சிங்கப்பூரில் ஒரு துணைச் சான்று

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரிலும் ஒரு மரபு அரங்கம் இதே முறையில் திருத்தப்பட்டுள்ளது. விக்டோரியா அரங்கமும் விக்டோரியா இசைக்கூடமும் இரட்டைக் கட்டடங்கள். ஒன்று 1862இல் நகர மண்டபமாகவும், மற்றது 1905இல் நினைவு மண்டபமாகவும் கட்டி முடிக்கப்பட்டவை. நடுவே மணிக்கூண்டு. 2010இல் தொடங்கிய சீரமைப்புக்குப் பின் 2014 ஜூலையில் திறந்தபோது, இரு கட்டடங்களுக்கும் நடுவே வானொளி இறங்கும் பொதுக்கூடம் ஒன்று உருவாகியிருந்தது. வந்தவர் அங்கே நின்றால் ஒரு பக்கம் நாடகம், மறுபக்கம் இசை. இங்கும் பலகைக்கு முன்னே கட்டடமே வழி சொல்கிறது.

பலமொழி நகரில் பலகைக்கு வேறொரு தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் 'எக்ஸிட்' தமிழில் 'வெளியேறும் வழி' என்று நீள்கிறது. அதே அகலத்தில் அடைக்கப் பார்த்தால் எழுத்து சிறுத்துவிடும். மொழி தெரிந்தவர் கடைசியாக ஒருமுறை பார்க்காவிட்டால் நேர்வது இன்னும் மோசம். அதே 2014இல் அந்நகரின் 'லாவ் பா சாட்' என்னும் பழைய சந்தைக்கான பலகையில் 'சாட்' என்பது தமிழில் 'சனி' என்று வந்துவிட்டது. அந்தச் சொல் நம்மிடையே என்ன பொருளில் புழங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாடும் மின்தூக்கி

மீண்டும் லண்டன். ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் கண்ணாடி மின்தூக்கி ஒன்று உள்ளது. அதில் மார்ட்டின் கிரீட் என்ற கலைஞரின் 'படைப்பு எண் 409' ஒலிக்கிறது. மின்தூக்கி மேலே போகப்போக, பாடகர் குழுவின் குரல் சுருதி ஏறுகிறது; கீழே இறங்கினால் சுருதி இறங்குகிறது. இது கலைப்படைப்பாகச் செய்யப்பட்டது. வழிகாட்டிப் பலகையாக அன்று. ஆயினும் கண் தெரியாத ஒருவருக்கும், ஆங்கிலம் அறியாத ஒருவருக்கும், எண் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதை அது சொல்லிவிடுகிறது. குழந்தைகள் அதற்காகவே மறுபடி மறுபடி ஏறி இறங்குவார்களாம். 5ஆம் நிலையில் இறங்கி நீலப் பக்கம் திரும்பினால் தேசியக் கவிதை நூலகம்; உள்ளே செல்லக் கட்டணம் இல்லை.